புல்லிலே விஷம்!

அமெரிக்காவில் இடாகோ என்று ஒரு மாநிலம். அதன் தென்கிழக்கு மலைகளில் பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கின்றன. உரம் செய்ய அந்தக் கல் தேவை.

1996-ம் ஆண்டு. வேலை நின்றுபோன ஒரு சுரங்கத்துக்கு அருகே மேய்ந்த குதிரைகள் நோயில் விழுந்தன. காரணம் என்ன? செலினியம்!

எப்படி வந்தது?

செலினியம் பாறையிலும் மண்ணிலும் உள்ள பொருள். துளி அளவு உடம்புக்குத் தேவை. மிஞ்சினால் விஷம்! குதிரைக்குப் பிடரி மயிர் உதிரும், குளம்பு கழன்றுவிடும்.

பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு, கூடவே வந்த கழிவுப் பாறையை மலைபோல் குவித்துவிட்டார்கள். அதில்தான் செலினியம் இருந்தது! மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கி அதைக் கரைத்தன. விஷம் ஓடைக்குப் போயிற்று. குவியல்மேல் முளைத்த புல்லும் அதை உறிஞ்சியது.

என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, தண்ணீரைத் தடுப்பது. 'ஸ்மோக்கி கேன்யன்' என்ற சுரங்கத்தில் ஓர் ஓடையின் மேலேயே கழிவைக் கொட்டியிருந்தார்கள். அந்த ஓடையைக் குழாய் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். குவியலையும் மூடினார்கள்.

அடுத்தது, கெட்ட நீரைச் சுத்தம் செய்வது. அதற்கு ஆட்கள் யார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்! தொட்டியில் தீனி போட்டு வளர்த்தால், கரைந்திருக்கும் செலினியத்தை அவை கரையாத தூளாக மாற்றிவிடும். பிறகு வடிகட்டி எடுத்துவிடலாம்.

ஆனால் குவியல் இருக்கும்வரை காவலும் வேண்டும். பயிருக்கு உரம் கொடுத்த மலைக்கு நாம் பட்ட கடன் அது!