பருவத்துக்கு ஒரு படம்

நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்கு வீடு ஓர் அறையாகவும், அறை எதிரிலுள்ள ஒரு சுவராகவும் சுருங்கிவிடுகிறது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, முதுமைத் தளர்ச்சி எனக் காரணம் எதுவாயினும், காலை முதல் இரவு வரை அவர் கண்ணில் படுவது அந்தச் சுவரே. பல வீடுகளில் அதில் இருப்பவை ஒரு குழல்விளக்கும், தாள் கிழிக்கப்படாத நாட்காட்டியும், வெற்று ஆணி ஒன்றுந்தான். மருந்திலும் உணவிலும் கண்ணுங்கருத்துமாக இருக்கும் குடும்பத்தினர் இச்சுவரைக் கவனிப்பது அரிது. அவர்கள் அதை நாளொன்றுக்குச் சில நிமிடங்களே பார்க்கிறார்கள். நோயாளியோ நாள் முழுவதும் பார்க்கிறார்.

நவீன செவிலியத்துக்கு அடித்தளமிட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859-இல் வெளியிட்ட செவிலியக் குறிப்புகள் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பார்த்துக் கிடப்பது நோயாளியின் மனத்தை எவ்வளவு வருத்தும் என்பதைப் பிறர் எளிதில் உணரமாட்டார்கள் என்பது அவர் கருத்து. பல படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் நோயாளி களைத்துவிடுவார் என்றும், ஒரு படத்தை எதிரே மாட்டி, நாளுக்கோ வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை மாற்றினால் மகிழ்வார் என்றும் அவர் வழி கூறினார். 1959-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘பெயிண்டிங்ஸ் இன் ஹாஸ்பிட்டல்ஸ்’ என்னும் தொண்டு அமைப்பு, மருத்துவமனைகளுக்கு ஓவியங்களை இரவல் தரும் பணியை மேற்கொண்டது.

சாளரம் முதலில், படம் பிறகு

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கற்சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. மருந்தின் இடத்தைக் காட்சி பிடித்துக்கொள்ளும் என்று இதற்குப் பொருளில்லை. எனினும் ஒன்று தெளிவு: கட்டிலைத் திருப்பிப் போட்டால் வேப்பமரம் தெரியும் என்றால், முதலில் அதைச் செய்யுங்கள். அதற்கு வழியில்லாத வீட்டில் படம் துணைசெய்யும்.

நம் நிலத்தின் ஆறு காட்சிகள்

படத்தை எப்போது மாற்றுவது? தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்திருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு ஒரு படம் எனக் கொண்டால் ஆண்டுக்கு ஆறு படங்கள் போதும். திண்டுக்கல் வட்டாரத்தில் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கார்காலமாகிய ஆவணி, புரட்டாசிக்குச் சிறுமலைமீது திரளும் மேகம். கூதிராகிய ஐப்பசி, கார்த்திகைக்கு வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வயலோ, வாசலில் ஏற்றிய அகல்விளக்கோ. முன்பனியாகிய மார்கழி, தைக்குக் கோலமும், பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டமும். பின்பனியாகிய மாசி, பங்குனிக்கு நத்தம் பக்கத்து மாந்தோப்பு. இளவேனிலாகிய சித்திரை, வைகாசிக்கு நிலக்கோட்டை மல்லிகை. முதுவேனிலாகிய ஆனி, ஆடிக்குக் காற்றில் சாயும் பனைகளும், வெயிலில் நிற்கும் மலைக்கோட்டையும்.

இவ்வாறு மாற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. படுத்தே இருப்பவருக்கு நாளும் மாதமும் மங்கிப்போவது இயல்பு. முதியோருக்கு மனக்குழப்பம் நேராமல் காக்கும் வழிகளில், கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கூறும் ஒன்று. படத்தின் அருகே பெரிய எழுத்து நாட்காட்டியை மாட்டி, நாள்தோறும் தாளைக் கிழித்து, கிழமையைச் சொல்லுங்கள். வெளியே நடக்கும் பருவம் அறைக்குள்ளும் நடக்கட்டும். ஆனால் நோயாளிக்குத் திடீரெனக் குழப்பமோ மாறிய பேச்சோ தோன்றினால் அதற்குப் படம் மருந்தன்று. உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மாட்டும் முறை

• படத்தின் உயரத்தைப் படுத்திருப்பவர் கண்ணைக் கொண்டு முடிவுசெய்க. அவர் தலையணையில் உங்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தால் சரியான இடம் தெரியும். நின்று பார்ப்பவருக்கு ஏற்ற உயரம் அவருக்கு ஒத்துவராது.

• ஒரு நேரத்தில் ஒரு படம் போதும். பெரியதாகவும், பொருள் தெளிவாகத் தெரிவதாகவும் இருக்கட்டும்.

• கண்ணாடிச் சட்டம் விளக்கொளியைத் திருப்பிக் கண்ணைக் கூசச் செய்யும், விழுந்தால் உடையும். பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டுவது நல்லது. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே கனமான எதையும் மாட்டாதீர்கள்.

• மூச்சிரைப்பு உள்ளவர் அறையில் துணித் தொங்கல்களைத் தவிர்க்கலாம். படத்தை வாரம் ஒருமுறை துடைத்தால் தூசி சேராது. ஆணி அடிப்பதும் சுவரைச் சுரண்டுவதும் நோயாளி அறையில் இல்லாத வேளையில் நடக்கட்டும்.

• பக்கவாதத்துக்குப் பின் சிலர் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவதுண்டு. அவர்களுக்குப் படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிக.

செலவு பெரிதன்று. கடைகளில் கொடுக்கும் சிவகாசி நாட்காட்டிப் படங்களே போதும். கைப்பேசியில் எடுத்த படத்தை ஸ்டுடியோவில் பெரிதாக அச்சிடலாம். பேரக்குழந்தை வரைந்த படமும் சிறந்ததே. முடிந்த பருவத்தின் படத்தை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தினால் அடுத்த ஆண்டும் உதவும்.

தவிர்க்க வேண்டியவை

மாலையிட்ட மறைந்தோர் படம் வீட்டில் மதிப்புக்குரியது. ஆயினும் நோயாளியின் கண்ணெதிரே நாள் முழுவதும் அது இருக்கவேண்டுமா என்பதை அவரிடமே கேளுங்கள். துணைவரின் படம் ஒருவருக்கு ஆறுதல்; மற்றொருவருக்கு அச்சம். மறதிநோய் உள்ளவர்கள் நிலைக்கண்ணாடியிலும் உருவப்படங்களிலும் அந்நியர் இருப்பதாக எண்ணி அஞ்சக்கூடும். உருவம் விளங்காத கோட்டோவியங்கள் நோயுற்ற மனத்துக்குக் கலக்கம் தரலாம்.

தேர்வு அவருடையதாகட்டும்

எப்போது உண்பது, எப்போது ஊசி, எப்போது திரும்பிப் படுப்பது என ஏறக்குறைய எல்லாவற்றையும் பிறரே முடிவுசெய்யும் வாழ்க்கை நோயாளியுடையது. எதிர்ச்சுவரில் எந்தப் படம் என்பதையேனும் அவர் முடிவுசெய்யட்டும். இரண்டு படங்களைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். பேச இயலாதவர் கண்ணசைவாலோ விரலாலோ தெரிவிக்கலாம். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிலருக்கு வெறுஞ்சுவரே அமைதி. மாட்டிய பின் சிறிது நேரம் அருகில் அமர்ந்து, அந்த மழையையோ மாந்தோப்பையோ பற்றி அவருடன் பேசுங்கள்.