அத்தாவோட பரிசல்ல ஒரு பகல்: காமராஜர் அணையில் எது முடியும், எது முடியாது

(பேசியதை வாசிக்க ஏற்றபடி சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். அனுப்பினவர் சித்தையன்கோட்டைக்காரர், ஷார்ஜாவுல வேலை பார்க்கிறார். அவரோட குரல்பதிவைச் சுருக்கிச் சொல்றேன்.

"ஜனவரியில 20 நாள் லீவு. அம்மா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகப் போகுது. அத்தா வீட்டை விட்டு வெளிய வர்றதே இல்ல. ஒரு காலத்துல தூண்டிலும் கையுமா திரிஞ்ச மனுஷன். கனடாவுல அப்பாவும் மகனும் படகுல போய், ஏரிக்கரையில கூடாரம் போட்டு, மீன் பிடிச்சுச் சாப்பிடுற வீடியோ ஒண்ணு பார்த்தேன். அதே மாதிரி நம்ம ஆத்தூர் காமராஜர் அணையில அத்தாவோட ரெண்டு ராத்திரி தங்க முடியுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு ராத்திரி தங்க முடியாது. முறையா கேட்டு அனுமதி கிடைச்சா, ஒரு நல்ல பகல் கிடைக்கும். ஏன் அப்படின்னு விளக்கத்தான் இந்த எபிசோடு. என்கூட எங்க அத்தாவும் உட்கார்ந்திருக்காங்க. வயசு 70. தண்ணியைப் பத்தி என்னைவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

கனடாவுல எப்படி முடியுது?

அந்த வீடியோக்கள் நிறைய எடுக்கிற இடம் ஒன்டாரியோவுல இருக்கிற அல்கோன்குவின் பூங்கா. 1893-ல தொடங்கினது. டொராண்டோவுல இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள் காரெடுத்தா மூணு மணி நேரத்துல போற தூரம்தான். அங்க நூற்றுக்கணக்கான ஏரிகள். ஒரு ஏரி முடிஞ்சா, படகைக் கவிழ்த்துத் தோள்ல தூக்கிட்டுக் காட்டுப் பாதையில நடந்து அடுத்த ஏரிக்குப் போவாங்க. அதுக்காகத்தான் கனூ படகு அவ்வளவு லேசா இருக்கு. அந்த மண்ணோட பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையில செஞ்ச படகு அது.

வீடியோவுல பார்க்கும்போது இஷ்டத்துக்குக் காட்டுக்குள்ள போற மாதிரி தெரியும். ஆனா கூடாரம் போடுற இடங்கள் அடையாளம் வச்சு ஒதுக்கினவை. ஒவ்வொரு ராத்திரிக்கும் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்கணும். மீன் பிடிக்க உரிமம் தனி. கரடி வரும்னு சாப்பாட்டைக் கூடாரத்துல வைக்காம, தள்ளி மரத்துல உயரமா கட்டித் தொங்கவிடுவாங்க. காடு, படகு, மீன் மூணுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கு. அந்த ஏற்பாடு இருக்கிறதாலதான் அங்க தங்க முடியுது.

இங்க ஒரே தண்ணிக்கு மூணு பொறுப்பு

காமராஜர் அணை, கீழ்ப்பழநி மலை அடிவாரத்துல குடகனாறுத் தண்ணி நிக்கிற இடம். அதே ஆறுதான் வேடசந்தூர் வழியா கரூர் பக்கம் போய் அமராவதியில சேருது. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணி இங்கிருந்து போகுது. நீங்க கரையில சோப்புப் போட்டுக் கழுவினாலும், குப்பையை விட்டுட்டு வந்தாலும், அது யாரோ ஒருத்தர் வீட்டுக் குடத்துக்குத்தான் போகும். அணைக்கும் கரைக்கும் அரசுத் துறை பொறுப்பு.

ரெண்டாவது, மீன். நீர்த்தேக்கத்துல மீன் தானா வளர்ந்து கிடக்கிறது கொஞ்சம்தான். பெரும்பாலும் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறது. பிடிக்கிற உரிமைக்குப் பேரு மீன்பாசி. நம்ம ஊர்க் கண்மாய் மாதிரியே நீர்த்தேக்கங்கள்லயும் மீன்பாசிக் குத்தகை உண்டு, இல்லன்னா மீனவர் சங்கம் பிடிக்கும். கேக்காம தூண்டில் போட்டா, அவங்க காசு போட்டு வளர்த்ததை நாம எடுக்கிறோம்னு அர்த்தம்.

மூணாவது, மலைப்பக்கம். மேல இருக்கிற காடு வனத்துறையோடது. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குற்றம். சாயங்காலமானா காட்டு மாடு தண்ணிக்கு இறங்கும். அதைவிட எனக்குப் பயம் நெருப்புதான். 2018 மார்ச் 11 அன்னைக்குத் தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க சிக்கினாங்க. 23 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துச்சு. 2024-ல வனத்துறை 40 பாதைகளை முறையாத் திறந்து, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போகுது. காட்டை நடந்து பார்க்க ஆசைன்னா அதுல பதிவு பண்ணுங்க. கரையில அடுப்புமூட்டி ராத்திரி தங்குறது வேண்டாம்.

பரிசலுக்குன்னு ஒரு குணம்

கனூவுக்கு இங்க அண்ணன்தம்பி நம்ம பரிசல். மூங்கில் பத்தையை வட்டமா பின்னி, அந்தக் காலத்துல மாட்டுத்தோல் போர்த்துவாங்க. அப்புறம் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துச்சு. இப்ப ஃபைபர்லயும் வருது. இதையும் ஒரே ஆள் தலையில கவிழ்த்துத் தூக்கிட்டுப் போயிடலாம். ஓட்டுற விதம்தான் வேற. அத்தா, நீங்களே சொல்லுங்க.

அத்தா: படகுல துடுப்பைப் பின்னாடி தள்ளுவான். பரிசல்ல முன்னாடி துடுப்பைப் போட்டுத் தன் பக்கம் இழுக்கணும். ஒரே பக்கமா இழுத்தா சுத்திக்கிட்டே நிக்கும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி இழுத்தாத்தான் நேரா போகும்.

காத்து அடிச்சா?

அத்தா: அதான் பெரிய விஷயம். பரிசலுக்கு அடியில பிடிமானம் கிடையாது, தட்டை. காத்து எங்க தள்ளுதோ அங்க போகும். அதனால போகும்போது காத்துக்கு எதிரா போயிடணும். கை நல்லா இருக்கும்போதே கஷ்டப்பட்டுடு. திரும்பும்போது காத்தே கொண்டு வந்து விடும். இதை மாத்திச் செஞ்சவன் சாயங்காலம் அடுத்த கரையில உட்கார்ந்திருப்பான்.

இதோட நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன். தட்டையா, அகலமா இருக்கிறதால எல்லாரும் கீழே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பரிசல் நல்லா நிக்கும். எழுந்து நின்னாலோ, எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சாலோ கவிழும். 2009 செப்டம்பர் 30 அன்னைக்குத் தேக்கடியில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்களே, அப்ப விலங்கைப் பார்க்க ஜனங்க ஒரு பக்கமா நகர்ந்ததைத்தான் பேசினாங்க. அது ரெண்டு அடுக்குப் படகு. நம்ம பரிசல் எம்மாத்திரம்? நீச்சல் தெரிஞ்சாலும் உயிர்காப்பு உடை போட்டுக்கோங்க. பரிசல்காரர்கிட்ட இல்லன்னா நீங்க வாங்கிட்டுப் போங்க. பரிசலை நீங்களே ஓட்டிப் பார்க்கணும்னு நினைக்காதீங்க. அங்க தினம் ஓட்டுறவரே துடுப்புப் போடட்டும்.

மீன் எந்த மட்டத்துல இருக்கும்?

மீனோட வாயைப் பார்த்தா, அது எங்க மேயும்னு சொல்லிடலாம். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், அதனால மேல்மட்டத்துல மேயும். ரோகு நடுவுல. மிருகாலுக்கு வாய் கீழ் நோக்கி, அது தரையோட மேயும். மூணையும் ஒரே தண்ணியில சேர்த்து விடுறதுக்குக் காரணமே இதுதான், தீனிக்குப் போட்டி வராது. மூணும் வடக்க கங்கைப் பக்கத்து மீனுங்க. ஜிலேபி அதைவிடத் தூரம், ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது, 1952-ல இந்தியாவுக்குள்ள வந்துச்சு. கெளுத்தி, விரால் எல்லாம் நம்ம ஊர் மீன்.

அதனால தூண்டில் நரம்புல தக்கையை எங்க கட்டுறீங்கங்கிறதுதான் எந்த மீன் கிடைக்கும்னு முடிவு பண்ணும். தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவுல நரம்பு நீளமா விட்டா மிருகால், கெளுத்தி. குறைச்சு விட்டா மேல்மட்டத்து மீன். பிசைஞ்ச கோதுமை மாவு, மண்புழு ரெண்டும் போதும்.

ஜனவரியில இன்னொரு வசதி. மீனுக்கு உடம்புச் சூடு தண்ணியோட சூடுதான். விடிகாலையில தண்ணி குளிர்ந்திருக்கும்போது அது மந்தமா இருக்கும். வெயில் ஏறி ஓரத்துத் தண்ணி லேசா சூடானாத்தான் மேய வரும். அதனால ராத்திரி முழிக்கவே தேவையில்ல. சுபுஹு தொழுதுட்டு நிதானமா கிளம்பி, எட்டு மணிக்குப் பரிசல்ல இருந்தாப் போதும்.

அத்தா: விராலைப் பத்திச் சொல்லு.

ஆமா. மழைக்காலத்துல விரால் குஞ்சுங்க செம்மஞ்சளா ஒரே கூட்டமா மேல மிதக்கும். பக்கத்துலயே அடியில தகப்பனோ தாயோ காவலுக்கு நிக்கும். முட்டைக் காலத்துலேர்ந்தே பெரும்பாலும் ஆண் விரால்தான் காவல். அந்தக் கூட்டத்துக்குள்ள தவளையைப் போட்டா, குஞ்சைக் காப்பாத்தப் பாய்ஞ்சு கடிக்கும், சுலபமா மாட்டும்.

அத்தா: எங்க அத்தா அதைப் பிடிக்க விடமாட்டாங்க. அதைத் தூக்கிட்டா மத்த மீனுங்க அரைமணி நேரத்துல அத்தனை குஞ்சையும் தின்னுரும். ஒரு மீன் குழம்புக்கு ஆயிரம் மீனை அழிக்கிற வேலை.

வயசானவங்களோட போகும்போது

கனடாவுல யாரும் சொல்லித்தராத பகுதி இது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவங்களைக் காலையில வெறும் வயித்துல தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாது. மாத்திரை போட்டுட்டுச் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஈரம் புகாத பையில மாத்திரை, பேரீச்சம்பழம், குடிதண்ணி கையோட இருக்கணும்.

முழங்கால் வலி உள்ளவங்க தரையில சம்மணம் போட முடியாது. ஒரு கனமான தலையணையை அடியில வைங்க, ஸ்டூல் வேண்டாம். ஏறும்போது விளிம்புல மிதிக்காம, பரிசல் நடுவுல கால் வைக்கணும். ஒருத்தர் பரிசலைக் கரையோட சேர்த்துப் பிடிச்சுக்கணும். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கரை ஏறிடுங்க. சிறுநீர் வருதுன்னு பெரியவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

அத்தா: சொல்ல மாட்டோம்.

அதனாலதான் கேக்காமலே கரைக்குத் திருப்பிடணும்.

நேயருக்கு எங்க யோசனை

ஊருக்கு வந்த முதல் வாரத்துல ஆத்தூர் போய் அணைப் பொறுப்புல இருக்கிறவங்க, மீன்பாசி எடுத்தவங்க ரெண்டு பேரையும் பாருங்க. அத்தாவையும் கூட்டிட்டுப் போங்க. பழைய ஆளுங்க யாராவது அடையாளம் கண்டு பேசுவாங்க, வெளிய வர்றதுக்கு அதுவே ஒரு தொடக்கம். நாள் குறிச்சுக்கோங்க, மழை பெஞ்சு அணையில தண்ணி இருக்கான்னும் பார்த்துக்கோங்க. பிடிச்ச மீனை எடை போட்டுப் பணம் கொடுத்து வாங்கி, வீட்டுல சமைங்க. பரிசல் கிடைக்கலன்னா, அவங்க விடுற கரையில உட்கார்ந்து தூண்டில் போடுங்க.

கடைசியா, அத்தா உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னாங்க.

அத்தா: தம்பி, பரிசல்ல உட்கார்ந்ததும் அம்மாவைப் பத்திப் பேச்செடுக்காதே. தூண்டிலைக் கையில கொடு. முள்ளு எப்படிக் கட்டுறதுன்னு கேளு, தெரிஞ்சிருந்தாலும் கேளு. தக்கையைப் பார்த்துக்கிட்டே இருக்கிறவனுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்ல. எப்ப பேசணுமோ அப்ப அவரே பேசுவாரு. பேசலன்னாலும் பரவாயில்ல, மறுபடி ஒரு நாள் கூட்டிட்டுப் போ.

போயிட்டு வந்து எங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.