மிளகு ஏற்றிய படகில் இன்று விருந்தாளி

சுருளிப்பட்டியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஆண்டில் இரண்டே விதமான நாட்கள்தான். ஒன்று, சுருளி அருவிக்குக் கூட்டம் வரும் நாள். மற்றொன்று, வராத நாள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கல்லா நிரம்புகிறது. வெள்ளம் பெருகினாலோ, யானை நடமாட்டம் என்றாலோ அருவிப் பாதை அடைக்கப்படும். அன்று வாங்கி வைத்த சரக்கு அப்படியே நிற்கும்.

வெளியூர்க் கூட்டத்தை நம்பி வியாபாரம் செய்யலாமா, எவ்வளவு நம்பலாம் என்பது நமக்குத் தினசரிக் கேள்வி. இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளி வழியாக மறுபுறம் இறங்கினால் கோட்டயம். அதற்கப்பால் ஆலப்புழையும் கொச்சியும். அங்கே ஒரு தொழில் செத்துப் பிழைத்த கதை இருக்கிறது.

டச்சுக்காரர் பிடித்த துறைமுகம்

கொச்சி பழைய டச்சுத் துறைமுகம். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை ஊர் அவர்கள் வசமே இருந்தது. வந்தது எதற்காக? மிளகுக்காக.

மிளகைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், அதுவும் தாங்கள் வைத்த விலைக்கே என்று மலையாளக் கரை அரசர்களிடம் அவர்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். ஆனால் விலை கட்டுப்படியாகாத இடத்தில் சரக்கு நிற்குமா? பொதி மாடுகளின் முதுகில் ஏறிக் கணவாய்கள் வழியே தமிழ்நாட்டுப் பக்கம் மிளகு போய்க்கொண்டே இருந்தது. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் டச்சுப் படை தோற்றது. அத்தோடு அவர்களது மிளகு ஆதிக்கம் சரியத் தொடங்கியது. 1799 முடிவில் கம்பெனியே கலைந்தது. வாங்குபவன் ஒருவனே என்று ஆக்க நினைத்த வியாபாரம் நிலைக்கவில்லை.

கெட்டுவள்ளம்

கொச்சிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் காயல் வழியாகத்தான். குட்டநாட்டு நெல்லையும் மலைச் சரக்கையும் சுமந்தவை கெட்டுவள்ளங்கள். ஆணி அடிக்காமல், அயினிப் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்வதால் அந்தப் பெயர். பெரிய வள்ளம் 30 டன் வரை ஏற்றும். நம் கணக்கில் 100 கிலோ மூட்டை 300. ஆழமில்லாத இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவார்கள். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள்.

பிறகு சாலையும் பாலமும் வந்தன. வள்ளம் நாள் கணக்கில் கொண்டுபோன சரக்கை லாரி சில மணி நேரத்தில் இறக்கியது. வள்ளங்கள் கரையோரம் கிடந்து மக்கத் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் சிலர் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கையறையும் சமையலறையும் அமைத்து, வெளியூர்க்காரரை ஏற்றினார்கள். நெல் மூட்டை இருந்த இடத்தில் விருந்தாளி உட்கார்ந்தார். இன்று கேரளச் சுற்றுலா என்றதும் கண்முன் வருவதே அந்தப் படகுவீடுதான்.

ஹாலந்திலும் இதே கதை

மிளகு போய் இறங்கிய ஊரிலும் இதுவே நடந்திருக்கிறது என்பது வியப்பு. டச்சுக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த ஊர் எங்க்ஹாய்சன். அங்கே கம்பெனியின் கிட்டங்கியாக இருந்த கட்டடத்திற்கு இன்றும் 'மிளகு வீடு' என்றுதான் பெயர். இப்போது அது அருங்காட்சியகம். ஊருக்கு முன்னால் இருந்த உள்கடலை 1932இல் சுமார் 32 கிலோமீட்டர் அணைக்கரை கட்டி அடைத்தார்கள், கடல் ஏரியாயிற்று. கடல்மீன் தொழில் நசிந்தது. சரக்குப் போக்குவரத்தும் இயந்திரக் கப்பலுக்கும் லாரிக்கும் போய்விட்டது.

அவர்களும் பழைய தட்டையடிப் பாய்மரச் சரக்குப் படகுகளை உடைத்து விறகாக்கிவிடவில்லை. பலவற்றைப் பழுதுபார்த்து, சரக்கறையில் படுக்கை போட்டு, விடுமுறைப் பயணிகளை ஏற்றுகிறார்கள். வந்தவர்களே கயிறு இழுத்துப் பாய் ஏற்றலாம். அந்த உழைப்பையே இன்பமென்று காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்!

இரு கரைகளும் சொல்வது ஒன்றே. சரக்கு போனாலும் முதல் போய்விடாது. படகும் படகோட்டும் கையும்தான் அங்கே முதல். ஏற்றும் பொருளை மாற்றியவர்கள் பிழைத்தார்கள்.

லாபத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான். ஆலப்புழையில் ஒருவர் செய்ததைப் பலர் செய்தார்கள். படகு பெருகப் பெருகப் போட்டியும் பெருகியது. காயலில் எண்ணெயும் கழிவும் கலப்பதாகப் புகார் எழுந்தது. எந்தத் தண்ணீரைக் காட்டிப் பிழைக்கிறார்களோ அதையே கெடுப்பது, விதை நெல்லைக் குத்தித் தின்பது போலத்தான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியது. 2020இல் கொரோனா வந்து படகுகளை மாதக்கணக்கில் கட்டிப்போட்டது. வெளியூர்க்காரர் ஒருவரையே நம்பியவர்களுக்குக் கல்லாவில் பற்று மட்டும் ஏறியது, வரவு இல்லை.

நமக்கு அருகில் தேக்கடியில் நடந்ததையும் மறக்க முடியாது. 1895இல் முடிந்த பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அந்தத் தண்ணீரில்தான் நம் பள்ளத்தாக்கு விளைகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வந்தவர் பத்திரமாக வீடு திரும்புவதே சுற்றுலா வியாபாரத்தின் முதல் லாபம்.

நாம் செய்யக்கூடியது

நம் ஊரிலும் முதல் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போடி ஏலக்காய்க்கு நாடெங்கும் பெயர் உண்டு. அருவிக்கு வருபவர் தண்ணீர் பாட்டிலும் பொரியும் மட்டும் வாங்கிப் போனால், குறை நம் அலமாரியில்தான்.

ஏலக்காயையும் மிளகையும் 50 கிராம், 100 கிராம் பொட்டலமாகக் கட்டி, ரகம், எடை, விலை, கட்டிய தேதி அச்சிட்டு வைக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் அதில் இருக்க வேண்டும். திராட்சை ஊர் போய்ச் சேரும்வரை நசுங்காதபடி காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் கொடுக்கலாம். பழைய ஏலக்காயைப் புதியதோடு கலப்பதும், வெளியூர்க்காரர்தானே என்று விலை ஏற்றுவதும் வேண்டாம். அவர் மறுமுறை வராமல் போகலாம். ஆனால் ஊரில் போய்ச் சொல்வார். ஒரு கடை செய்யும் கோளாறு தெருவிலுள்ள எல்லாக் கடைக்கும் கெட்ட பெயர்.

அதேபோல, கூட்டம் வந்த நாளில் உள்ளூர் வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது. மாதச் சாமான் வாங்கிப் போகும் குடும்பமும், பற்று எழுதிக் கூலி வந்ததும் தீர்க்கும் தோட்டத் தொழிலாளியும் அருவிப் பாதை அடைத்த நாளிலும் நம் கடைக்கு வருபவர்கள். விருந்தாளி தருவது மேல் வரும்படி. கடை வாடகை நம் ஊர்க்காரர் தரும் காசில்தான் நடக்கிறது.

புதிய சரக்கை ஏற்றுவோம். பழைய வாடிக்கையை இறக்கிவிட வேண்டாம்.