மருந்துச் சீட்டும் மக்கள் குரலும்

திருக்குறளில் ‘மருந்து’ 95ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறள், அதாவது 950ஆவது குறள், மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பவையே அந்த நான்கு. வள்ளுவர் இவற்றுள் நோயாளியை முதலில் நிறுத்தியிருக்கிறார். வைத்தியருக்கு இரண்டாவது இடந்தான்!

நடைமுறையில் என்ன காண்கிறோம்? நோயாளி வாய் திறப்பது தன் நோயைச் சொல்லத்தான். மருத்துவமனை எப்படி நடந்தால் நன்றாயிருக்கும் என்று அவரை யார் கேட்கிறார்கள்? தோழியரே, இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் ஆயாவிடமிருந்து வந்தது.

ஆயாவுக்குப் பிரஷரும் சர்க்கரையும் உண்டு. பாடியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் (பெயர் எதற்கு?) மாதந்தோறும் மாத்திரை வாங்குவார். மூன்று விதமான மாத்திரைகள், மூன்று காகித உறைகளில். உறையின்மேல் ஆங்கிலத்தில் ஏதோ கிறுக்கியிருக்கும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஓர் உறையின் மூலையைக் கிழித்தும், இன்னொன்றை மடித்தும் அடையாளம் வைத்துக்கொள்வார். ஒருநாள் அடையாளம் மாறிவிட்டது. இரவில் போடவேண்டிய மாத்திரையைக் காலையில் இரண்டாகப் போட்டுக்கொண்டு, குழாயடியில் மயங்கி விழுந்தார். நெற்றியில் நான்கு தையல்.

அடுத்த முறை துணைக்கு நானும் போனேன். பெஞ்சில் காத்திருந்த பெண்களிடம் ஆயா தன் கதையைச் சொல்ல, அவர்களில் மூவர் “எனக்கும் இப்படித்தான் ஆச்சு” என்றார்கள். உள்ளே போனதும் ஆயா, “டாக்டரம்மா, காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா, இப்படிப் படம் போட்டுக் கொடுத்தா எங்களுக்குப் புரியுமே” என்றார். டாக்டரம்மாவுக்கு வியப்பு. மருந்து கொடுக்கும் ஜன்னலில் என்ன நடக்கிறது என்பது அவர் நாற்காலியிலிருந்து தெரியாது. அன்றே கம்பவுண்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். சூரியனும் நிலாவும் உறைகளில் உதித்தன.

சில மாதங்கள் போயின. கம்பவுண்டர் மாறினார், டாக்டரம்மாவும் வேறிடம் போய்விட்டார். புதியவருக்குச் சூரியனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மறுபடியும் பழைய கிறுக்கல்தான்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் கேட்டு மற்றவர் இரங்கிச் செய்யும் நன்மை, அந்த இருவரும் இருக்கும் வரைதான் நிற்கும். அது நிலைக்கவேண்டுமானால் கேட்பதற்கென்று ஒரு குழு, கேட்டதை எழுத ஒரு நோட்டு, பதில் சொல்லும் கடமையுள்ள ஒருவர் என மூன்றும் வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடு எங்காவது உண்டா என்று தேடியபோது, நம் ஊருக்கு வெகு அருகிலேயே சில கிடைத்தன.

லூக்காஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகளால் வளர்ந்தது நம் பாடி. இங்கே பல வீடுகளில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசும், முதலாளியிடமிருந்து 3 ரூபாய் 25 காசும் இதற்குப் பிடிக்கப்பட்டு வந்தன. ஆகவே, அந்த மருந்தகத்தில் வரிசையில் நிற்பவர் தானம் கேட்டு நிற்பவர் அல்லர். 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 25ஆவது பிரிவு வட்டார வாரியங்களுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் இடம் வைத்தது. தொழிலாளர் பிரதிநிதிகளும் அவற்றில் அமர்ந்து, மருத்துவ வசதிகளின் நிறைகுறைகளைப் பேசலாம். எங்கள் வகுப்பில் அப்பாமார்களுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியும் என்று ஒருவர் வீட்டிலும் சொல்லவில்லை.

இரண்டாவது கதை இந்தூரில் நடந்தது. 1994இல் சூரத்தில் பிளேக் நோய் பரவி நாடே நடுங்கிற்று. அந்தச் சமயத்தில் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மாவட்ட ஆட்சியர் முன்னின்று, நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றி, ஊராரின் உதவியோடு கட்டிடத்தைச் சுத்தம் செய்தார். ஆயிரக்கணக்கான எலிகள் ஒழிந்தன. மறுபடி எலி வராமல் பார்ப்பது யார் என்ற கேள்வி எழுந்தபோது பிறந்ததுதான் ‘ரோகி கல்யாண் சமிதி’. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது இந்த ஏற்பாடு நாடெங்கும் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கு நோயாளர் நலச் சங்கம் என்று பெயர். அந்த நாளில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. மின்விசிறியோ, குடிநீரோ, கழிப்பறைக் கதவோ, அவசரத் தேவை எதுவென்று உள்ளூரிலேயே முடிவு செய்யலாம். ஆனால் கூட்டத்தில் அமர்பவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் பிரமுகர்களும் என்பது நெடுநாளைய குறை. பெஞ்சில் காத்திருந்த அந்த மூன்று பெண்களில் ஒருவராவது அங்கே இருந்தால் அல்லவா சூரியன் படம் பேச்சுக்கு வரும்?

இந்தக் குறையை ஓரளவு நேர் செய்ய முயன்ற கதை நம் மாவட்டத்திலேயே நடந்தது. 2011இல் மாநகராட்சியோடு சேருமுன் பாடி, திருவள்ளூர் மாவட்டத்து அம்பத்தூர் நகராட்சியில் இருந்தது. ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் 2007இல் ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கும் சோதனை தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு எடுத்துக்கொண்ட ஐந்து மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. ஊர்க் குழுவினர் தாய்மார்களிடம் எளிய கேள்விகளைக் கேட்பார்கள். செவிலியர் வந்தாரா? எடை பார்த்தாரா? இரத்த அழுத்தம் பார்த்தாரா? மருந்து கிடைத்ததா? யாராவது பணம் கேட்டார்களா? பதில்களை ஓர் அட்டையில் மூன்று நிறங்களில் குறிப்பார்கள். பச்சை என்றால் நன்று. மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் கவனம் தேவை. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியுமல்லவா? ஆயாவின் சூரியனும் நிலாவும் இதே யோசனைதானே என்று எண்ணி மகிழ்ந்தேன். பிறகு அட்டையை நடுவில் வைத்து, சுகாதார ஊழியர்களோடு ஊரார் பேசுவார்கள். சிவப்பு விழுந்தால் செவிலியர்தான் தவறு செய்தார் என்று பொருளில்லை. பஸ் வராத ஊருக்கு அவர் எப்படித் தினமும் வருவார்? அதையும் அங்கேதான் பேசவேண்டும்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டை அடுத்த பெரின்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரில் டாக்டர் பீட்டர் பிரிட்சர்ட் 1972இல் தம் நோயாளிகளையே ஒரு குழுவாகக் கூட்டி, தம் மருத்துவமனையைப் பற்றிக் கருத்துக் கேட்டார். 1978இல் இத்தகைய குழுக்களுக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பொது மருத்துவரும் இப்படி ஒரு குழு வைத்திருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே சேர்ந்தது. அங்கும் ஒரு மனக்குறை: ஓய்வு பெற்றவர்களும் வசதியுள்ளவர்களுமே பெரும்பாலும் வருகிறார்கள், கைக்குழந்தையோடு இருப்பவரும் நாள் முழுதும் வேலைக்குப் போகிறவரும் வருவதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் யாரால் முடியும்? ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடலாம். அல்லது குழுவில் ஒருவர் மருந்து ஜன்னல் அருகே அரைமணி நேரம் நின்று கேட்டு எழுதலாம். எழுத்து வேலைக்கு எங்களைப் போன்ற மேல்வகுப்பு மாணவியரே போதும் என்பது என் எண்ணம்.

போன மாதம் ஆயாவோடு மறுபடி அந்த மருத்துவமனைக்குப் போனேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். பெஞ்சில் ஏழு பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: “இங்கே எது மாறினால் உங்களுக்கு நல்லது?” இருவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒரு பாட்டி தரையில் உட்கார முடியவில்லை, இன்னொரு பெஞ்ச் வேண்டும் என்றார். ஒரு தாய், டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடச் சொன்னார். மீதி மூவரும் மாத்திரை உறையைப் பற்றியே சொன்னார்கள். புதிய டாக்டர் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, “இது இங்கேயே இருக்கட்டும்மா, அடுத்த மாசம் பதில் எழுதி வைக்கிறேன்” என்றார். வீடு திரும்பும் வழியில் ஆயா கேட்டார்: “ஏன் கண்ணு, நோட்டுல என் பேரை எழுதினியா?”