ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. இது சமையலறைக்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் பொருந்தும். ஆசிரியரிடம் இருப்பதுதானே மாணவியரிடம் வந்து சேரும்? அப்படியானால் ஆசிரியரின் சட்டியை நிரப்புகிறவர் யார்? ஒருமுறை பட்டம் பெற்றுவிட்டால் முப்பது ஆண்டுகளுக்கு அது போதுமா? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இன்று டீச்சர் வரவில்லை, பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள்" என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வதுண்டு. பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால், ஐந்து வகுப்புகளையும் மற்றவரே கவனிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கொடுத்த அந்த ஒரு நாள் பயனுள்ளதாவதும் வீணாவதும் பெரும்பாலும் பயிற்சி அளிப்பவரின் கையில் இருக்கிறது. ஆகவே அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதற்கு நம் நாஞ்சில் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1876ஆம் ஆண்டு தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்களைக் கவிஞராக நாம் யாவரும் அறிவோம். அவர் 36 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர். நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான போதனாமுறைப் பாடசாலையிலும் அவர் கற்பித்தார். போதனாமுறைப் பாடசாலை என்பது ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி. பசுவையும் கன்றையும் பற்றிச் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் புரியும்படி பாடத் தெரிந்த ஒருவர், வருங்கால ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்! இன்று நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அதே தேரூரில்தான் அமைந்திருக்கிறது.

கற்பிப்பவருக்குக் கற்பிப்பது பற்றிய பழைய சோதனை ஒன்று நம் மாநிலத்தின் தலைநகரில் நடந்தது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் 1796 வரை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்தி வந்தார். நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அதைச் செய்யும்படி ஆசிரியர்களைக் கேட்டார். அவர்கள் மனம் வைக்கவில்லை. உடனே அவர் ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறிய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அவன் அதைச் செய்து காட்டினான்! இவ்வாறு பிறந்த முறை இங்கிலாந்து வரை பரவி, "மதராஸ் முறை" என்று பெயர் பெற்றது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை இவ்விதமாகக் கடல் கடந்து போனார் எனலாம்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு புதிய முறையை உத்தரவினால் மட்டும் ஆசிரியரிடம் கொண்டு சேர்க்க முடியாது. கண்ணெதிரே செய்து காட்ட ஒருவர் வேண்டும்.

இப்போது பயிற்சி நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. அதன்பின் ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும், அதன்கீழ்ச் சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையமும் ஏற்பட்டன. நம் மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள் உள்ளன. மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்தில் உள்ளவர்களுக்கும், அவர்கள் வட்டாரத்தில் உள்ளவர்களுக்கும், முடிவில் அவர்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவ்வாறு சொல்லிக்கொடுப்பவரைக் "கருத்தாளர்" என்பர்.

விவசாயக் குடும்பத்துத் தோழியருக்கு இதன் இடர்ப்பாடு எளிதில் விளங்கும். பேச்சிப்பாறையில் திறக்கும் தண்ணீர் தோவாளைச் சானலிலும் அனந்தனார் சானலிலும் ஓடிவந்து, கடைமடை வயலைச் சேரும்போது எவ்வளவு குறைந்துவிடுகிறது! பயிற்சியும் அப்படித்தான். காதால் கேட்டதை மட்டும் அடுத்தவருக்குச் சொன்னால், கைமாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கசிந்துவிடும். கடைமடையில் காத்திருப்பதோ ஒன்றாம் வகுப்புக் குழந்தை.

இக்கசிவைக் குறைக்க வழி உண்டா? உண்டு. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த திரு. எம். பி. விஜயகுமார், ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்கு மாநகராட்சி ஆசிரியர்களைக் குழுக்களாக அனுப்பினார். அங்கே கிராமப் பிள்ளைகள் அட்டைகளை எடுத்து, ஏணியில் படிப்படியாக ஏறுவதுபோல், அவரவர் வேகத்தில் கற்பதை அவர்கள் நேரில் பார்த்தார்கள். திரும்பி வந்து தமக்கு வேண்டிய அட்டைகளைத் தாமே உருவாக்கினார்கள். முதலில் 13 பள்ளிகளில் முயன்று பார்த்தார்கள். பிறகுதான் மற்றப் பள்ளிகளுக்குச் சென்றது. இதுவே "செயல்வழிக் கற்றல்" என்ற பெயரில் 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிற்காலத்தில் அம்முறை பல மாறுதல்களை அடைந்தது. ஆயினும், வகுப்பில் நிற்கும் ஆசிரியரே மற்றோர் ஆசிரியருக்கு வழிகாட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

பள்ளி முடிந்தபின் நடக்கும் மாலை வகுப்புகளுக்கு இது இன்னும் அவசியம். ஏனெனில் அங்கே கற்பிப்போர் பலர் ஆசிரியப் பயிற்சி பெறாதவர்கள். கொரோனாவினால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களுள் நம் கன்னியாகுமரியும் ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள் தன்னார்வலர்கள் வகுப்பு நடத்தினார்கள். முந்திரி ஆலைக்கும் மீன் விற்கவும் சென்ற தாய்மார் திரும்பும்வரை தனித்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய துணையாயிற்று.

எங்கள் தெருவிலும் ஓர் அக்கா தன்னார்வலராக இருந்தார்கள். பயிற்சியில் என்ன கற்றீர்கள் என்று கேட்டேன். "பேசினதெல்லாம் மறந்து போச்சு மக்களே. ஈர்க்கிலை வச்சுக் கழித்தல் கணக்குப் போட்டது மட்டும் மறக்கவே இல்லை" என்றார்கள். அந்தக் கருத்தாளர் பத்துப் பத்து ஈர்க்கிலாகக் கட்டச் சொல்லி, 42இல் 17ஐக் கழிக்கச் சொன்னாராம். நான்கு கட்டு, இரண்டு ஈர்க்கில். இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாதே! ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு ஆகிறது. அதில் ஏழு போக ஐந்து. மீதமுள்ள மூன்று கட்டுகளில் ஒன்று போக இரண்டு. விடை 25. "கடன் வாங்குதல் என்றால் கட்டை அவிழ்ப்பது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது" என்றார்கள் அக்கா. அவர்களிடம் படித்த நான்காம் வகுப்புச் சிறுமியும் அதே ஈர்க்கிலைக் கொண்டுதான் கழித்தலைக் கற்றாள். இங்கே கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்தது. காரணம், கைமாறியது வெறும் சொல் அன்று, செயல்.

ஆகவே ஆசிரியருக்கு ஆசிரியராக இருப்பவரிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்று எண்ணுகிறேன். முதலாவது, அவர் பிள்ளைகளோடு இன்றும் பழகுகிறவராக இருத்தல். இரண்டாவது, சொல்வதைத் தாமே செய்துகாட்டி, வந்தவர்களையும் செய்யவைத்தல். மூன்றாவது, சில வாரம் கழித்து அவ்வகுப்புக்கே சென்று, "எது நடந்தது? எது நடக்கவில்லை?" என்று பொறுமையோடு கேட்டல். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் பாதிப் பயனே தரும்.

அன்புள்ள பெற்றோரே, ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற மறுநாள், "டீச்சர் புதிதாக என்ன செய்தார்கள்?" என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். தோழியரே, நம்மில் பலர் நாளை ஆசிரியைகள் ஆவோம், சிலர் ஆசிரியைகளுக்கே கற்பிப்போம். அந்நாளில் நீண்ட சொற்பொழிவோடு அல்ல, ஒரு பிடி ஈர்க்கிலோடு செல்வோமாக!