பார்க்கப் போவதும் கூட இருப்பதும்





நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை மருத்துவ உதவி கேட்டு வருபவை. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும், காப்பீட்டில் எவ்வளவு போகும், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். "ஆஸ்பத்திரியில் கூட யார் இருக்கப் போகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டதில்லை. என் அத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தபோதுதான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

ஃபஜ்ருக்கு உளூ செய்யப் போனவர் வழுக்கி விழுந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் சொந்தபந்தங்கள் வேன் பிடித்து வந்தார்கள். எல்லோரும் அன்பால் வந்தவர்கள்தான். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், தலையணைக்கடியில் மடித்து வைக்கும் ரூபாய். ஒவ்வொருவரும் "எப்படி விழுந்தீங்க அத்தா?" என்று கேட்க, அவரும் குளியலறையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை ஒவ்வொருவருக்கும் சொன்னார். அஸருக்குள் குரல் கம்மிவிட்டது. அன்று பகலில் ஒரு மணி நேரம்கூட அவர் கண்ணயரவில்லை.

இரவு பதினோரு மணிக்குமேல் பேச்சு மாறியது. "பாவு அறுந்து போச்சு, தறியை நிறுத்து" என்றார். அவர் தறியில் உட்கார்ந்து இருபது வருடம் ஆகிறது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். சிறுநீர்க் குழாயைப் பிடித்து இழுத்தார். பயந்திருக்கிறார், காற்றுக் கருப்பு பட்டிருக்கும், ஓதிப் பார்க்க ஆளைக் கூப்பிடு என்றார்கள் பெரியவர்கள். மதரஸாவும் கல்லூரியும் படித்த நானும் கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அப்போது இரவுப் பணியில் இருந்த சின்ன வயது சிஸ்டர் கேட்டார்: "தாத்தா கண்ணாடி போடுவாருங்களா? காது நல்லா கேட்குமுங்களா?"

கண்ணாடியும் காது மெசினும் என் வீட்டு பீரோவில் இருந்தன. கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று நான்தான் மாலையில் எடுத்துப் போயிருந்தேன்.

விடிந்ததும் கொண்டுவந்து மாட்டினோம். மருத்துவர் இரத்தத்தில் உப்பின் அளவு, சிறுநீரில் கிருமி, வலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்த்து மருந்தை மாற்றினார். இன்னும் இரண்டு இரவு அதே தடுமாற்றம் இருந்தது, பிறகு தெளிந்துவிட்டார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு, குறிப்பாக இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு, இப்படிப் புத்தி குழம்புவது அடிக்கடி நடப்பது. பகலில் தேவலாம் போலிருக்கும், இரவில் கூடும். பைத்தியமும் இல்லை, ஷைத்தானும் இல்லை. ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. தாராளமாக ஓதுங்கள். ஆனால் முதலில் சிஸ்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் கிருமித் தொற்றின் முதல் அடையாளமே சில சமயம் இந்தக் குழப்பம்தான். அப்போது அவரோடு வாதாடக் கூடாது. பழகிய ஒரு முகம் பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, நான் யார் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் அமைதியும் வேண்டும்.

நோயாளியை நலம் விசாரிக்கப் போவது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் மீதுள்ள கடமைகளில் ஒன்று என்பது நமக்குத் தெரியும். அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. அகழ்ப் போரில், ஹிஜ்ரி 5-ல், ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கையில் அம்பு பாய்ந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்து அவரைத் தங்க வைத்தார்கள், அருகிலிருந்து விசாரிப்பதற்காக. காயம்பட்டவர்களைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். விசாரிப்பவர்கள் வந்து போனார்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். நீண்ட நேரம் உட்கார்ந்து நோயாளியைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நம் உலமாக்கள் ஒழுக்க நூல்களில் எழுதி வைத்திருப்பதையும் மறந்துவிட்டோம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியர் குறிப்பு நூலில், வருகிறவர்கள் அள்ளி வீசும் வெற்று ஆறுதலும் அறிவுரையும் நோயாளியை எப்படி வாட்டுகின்றன என்பதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. "எங்க மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான், பாவம்..." என்று நம் வீட்டில் ஆரம்பிக்கிறவர்கள் லண்டனிலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

சரி, கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? பெங்களூரில் நாராயணா மருத்துவமனையில் தொடங்கி, நோயாளியின் குடும்பத்தாருக்கே வகுப்பு எடுத்து, கைகழுவுவது முதல் அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்வது வரை கற்றுக்கொடுக்கும் ஒரு திட்டத்தை நூரா ஹெல்த் என்ற அமைப்பு பல மாநிலங்களில் நடத்துகிறது. நம் பக்கம் அப்படி வகுப்பு எடுப்பாரை நான் பார்த்ததில்லை. ஆகவே பட்டுத் தெரிந்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

மயக்கம் தெளியும் முன் தாகம் என்று கேட்டால் மனம் பொறுக்காமல் தண்ணீர் கொடுத்துவிடுகிறோம். ஜம்ஜம் தண்ணீர்தானே என்று ஒரு மூடி ஊற்றுகிறவர்களும் உண்டு. அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் ஆபரேஷன் என்றால், எப்போது வாய் வழியாகக் கொடுக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "வாயு பிரிந்ததா?" என்று அவர் கேட்பது குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று அறியத்தான். வெட்கப்பட்டு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரும், அதைத் தடுக்கத்தான் இது. அதேபோல, மருத்துவர் நடக்கச் சொன்னால் அன்றே நடத்துங்கள். "பாவம், தூங்கட்டும்" என்பது இங்கே அன்பு ஆகாது. அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போகக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் மாற்றும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவோம். பையில் இருப்பது திரும்பி உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். தையல் போட்ட இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர், ஓதிய தண்ணீர் எதுவும் வேண்டாம். கட்டிலைத் தொடும் முன் கை கழுவுங்கள். ஐந்து வேளை உளூ செய்கிற சமுதாயத்துக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பேருந்துக் கம்பியைப் பிடித்த கையோடு நேரே முஸாஃபஹா செய்கிறோமே!

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், வலியை வெளியே சொன்னால் ஸப்ருக்குக் குறைவு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அய்யூப் நபி (அலை) அவர்களே தமக்கு வந்த துன்பத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள், அவர்களைப் பொறுமையாளர் என்றுதான் குர்ஆன் புகழ்கிறது. வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இரும முடியாது, நடக்க முடியாது, தூங்க முடியாது. மேலே சொன்ன ஆபத்துகள் எல்லாம் வலியை மறைப்பதிலிருந்தே ஆரம்பிக்கின்றன. பத்துக்கு எத்தனை என்று கேட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி மூன்றாம் நாளே பிரியாணி கொண்டுவரும். மறு கட்சி முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, ஒரு மாதம் வெறும் ரொட்டியும் கஞ்சியும் கொடுக்கும். காயம் ஆறப் புரதம் வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை முட்டையும் பருப்பும் மீனும்தான் தையலை ஆற்றும் மருந்து. சர்க்கரை நோயாளிக்கு வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் மாம்பழமும் வாங்கி வருவது உதவி இல்லை. சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது.

தொழுகையை நினைத்து நோயாளிகள் மனம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். உடையில் இரத்தம், குழாய் மாட்டியிருக்கிறது, எப்படித் தொழுவது என்று விட்டுவிடுகிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம். தண்ணீர் கேடு செய்யும் என்றால் தயம்மும் உண்டு. சிறுநீர் தானாக வடிகிறவர் ஹனஃபி மத்ஹபில் மஃதூர், ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு உளூ போதும். மீதி விவரத்தை நம் இமாமிடம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். அத்தா தெளிந்த மறுநாள் படுக்கையில் சைகையால் லுஹர் தொழுதார். அந்த அமைதியை எந்த ஊசியும் கொடுத்திருக்காது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். அத்தாவோடு பதினோரு நாள் இருந்தவர்கள் நானும் என் அக்காவும். அக்கா கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தார். ஆறாம் நாள் தலைசுற்றி விழுந்தபோதுதான் தெரிந்தது, வந்த நாளிலிருந்து தன் பிரஷர் மாத்திரையை அவர் போடவே இல்லை. பார்க்க வந்த அத்தனை பேரில், "நீ போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கு, நான் இருக்கிறேன்" என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் தெருவில் பெட்ஷீட் மடிக்கும் வேலைக்குப் போகும் அம்மா, உறவுகூட இல்லை. பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்க முடியாது. கைக்குழந்தையோடு இருக்கும் மருமகளோ, தறிக்குப் போனால்தான் கூலி என்றிருக்கும் மகளோதான் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். நூறு பேர் பத்து நிமிடம் வருவதைவிட நான்கு பேர் முறை போட்டு ஆறு மணி நேரம் இருப்பது அந்த வீட்டைக் காப்பாற்றும். வர முடியாதவர்கள், இருப்பவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பலாம், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், இளைஞர்கள் இரத்தம் கொடுக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேஜையில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பிறகு ஓடுவதில் பயனில்லை. கட்டணமில்லா எண் 1800 425 3993. பெருந்துறை சானடோரியத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை இன்னும் பலர் பழைய பழக்கத்தில் ஐ.ஆர்.டி. என்று சொல்லி, தனியார் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். அது இப்போது அரசு மருத்துவமனை. வீடு திரும்பிய பிறகு நடைப்பயிற்சி கற்றுத்தர ஆள் வேண்டுமானால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் அவசரத்தில் இருப்போம். எந்த மாத்திரை எப்போது, தையல் எப்போது பிரிப்பது, காய்ச்சலோ சீழோ வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்காமல் வண்டி ஏறாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ் இந்த மாதம் முதல் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் முறை போட்டு இருக்க முன்வருகிறவர்கள், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும், எந்த நாள், பகலா இரவா என்று எழுதிக் கொடுக்கலாம். ஞாயிறு அஸருக்குப் பிறகு நான் அங்கே இருப்பேன். பெண்கள் பக்கத்தில் முதல் பெயர் அந்தப் பெட்ஷீட் மடிக்கும் அம்மாவுடையது. இரண்டாவது என் அக்காவுடையது, பகல் மட்டும்.