மூட்டை உப்பும் பாக்கெட் உப்பும்: மாற்றத்தை நாம் எப்படி ஏற்பது?

மளிகைக் கடையில் மிகக் குறைந்த லாபம் தரும் சரக்கு எது என்று கேட்டால், உப்பு என்று எவரும் சொல்லிவிடுவார்கள். இரவில் கடையைப் பூட்டும்போது உப்பு மூட்டையை மட்டும் வாசலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. திருடனும் தொடாத சரக்கு அது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் சட்டத்தாலும் வாடிக்கையாளர் விருப்பத்தாலும் நம் கடையில் அதிகமாக மாறிய சரக்குகளில் உப்பும் ஒன்று. இந்த மாற்றத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பிழைத்தார். அரைகுறையாகப் புரிந்துகொண்டவர் இன்றும் தொல்லைப்படுகிறார்.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் உள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகிய ஊர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் உப்பு ஊர் இது. தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் காலம் முழுவதும் உப்பு வாரி, ஐப்பசி மழை வந்ததும் வேலை நின்றுவிடும். இந்த உப்பை மூட்டையாக வாங்கி, படியால் அளந்து விற்றதுதான் நம் முன்னோர் செய்த வியாபாரம்.

சட்டம் வந்த வரலாறு

உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். இமாசலப் பிரதேசத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் 1950-களில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஆய்வைத் தொடங்கி, அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தால் கழலை குறைகிறது என்று காட்டினார்கள். அதன் பயனாக 1962-ல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1983-ல் தனியாரும் அயோடின் உப்பு தயாரிக்க அனுமதிக்கப்பட்டனர். டாடா உப்பு சந்தைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான்.

அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கு விற்க நாடு முழுவதும் விதித்த தடை 1998-ல் நடைமுறைக்கு வந்தது, 2000-ல் விலக்கப்பட்டது, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் போட்ட அந்த விதி செல்லாது என்று கூறியது. இதைக் கேள்விப்பட்ட சில வியாபாரிகள் தடையே போய்விட்டது என்று இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு. அதே 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்தத் தடை இருக்கிறது.

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது, "கல் உப்பு விற்கக் கூடாது" என்பது. சட்டம் கல்லா தூளா என்று பார்ப்பதில்லை. அயோடின் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அயோடின் கலந்த கல் உப்பு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும் கல் உப்புதான் வேண்டும் என்று கேட்கும் தாய்மார்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, "அயோடின் இல்லாத உப்பை வைத்திருக்கவே கூடாது" என்பது. மீன் பதப்படுத்த, கால்நடைக்கு, தொழிற்சாலைக்கு, மருந்து தயாரிக்க இதை விற்கலாம். ஆனால் எந்த உபயோகத்திற்கு என்று மூட்டையின் மேல் முறைப்படி அச்சிட்டிருக்க வேண்டும். அச்சு இல்லாத மூட்டை கடையில் விற்பனைக்கு இருந்தாலே சமையலுக்கு வைத்திருப்பதாகக் கேள்வி எழும். விற்றால்தான் குற்றம் என்பதில்லை.

மூன்றாவது, "மூட்டை உப்பைப் பையில் கட்டினால் பாக்கெட் உப்பு" என்பது. பையில் கட்டி விற்பவர் சட்டத்தின் பார்வையில் பாக்கெட் செய்பவர் ஆகிவிடுகிறார். பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. வெறும் பாலிதீன் பையில் கட்டி அடுக்கிவைப்பது ஆபத்து.

வேலைமுறையில் மாற வேண்டியவை

அயோடின் உப்பு வாங்குபவர் கையில் சேரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். ஈரமும் வெயிலும் சூடும் பட்டால் இது குறையும். எனவே உப்பை இன்று வாசலில் போட முடியாது. தரையில் படாமல் மரப்பலகையில், சுவரை விட்டுத் தள்ளி, வெயில் விழாத இடத்தில் அடுக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மாவுச்சத்து கொண்ட சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகும். இது அயோடின் உண்டா இல்லையா என்பதை மட்டுமே காட்டும்; சரியான அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். இவற்றைக் கடை ஊழியருக்கும் சொல்லித் தர வேண்டும். உரிமையாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மூட்டையை இறக்கி அடுக்குபவர் அவர்தானே!

மூட்டை உப்பு இனி எங்கே போகும்?

கருவாடு போடும் மீனவர்கள், ஐஸ் கம்பெனிகள், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், சாயப்பட்டறைகள், கடின நீரை மென்மையாக்கும் கருவி வைத்திருக்கும் விடுதிகள் என மூட்டை உப்புக்கு ஆட்கள் உண்டு. சில்லறையில் இழந்ததை இங்கே ஓரளவு ஈடுசெய்யலாம். ஒரு நிபந்தனை: இந்தச் சரக்கையும் சமையல் உப்பையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது, பில்லிலும் உபயோகத்தைத் தனியாக எழுத வேண்டும். உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதற்காகப் பில் இல்லாமல் வாங்குவது கூடாது. சரக்கில் குறை வந்தால், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட நம் கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டுமே.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலில் மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய ஆண்டுகளில் மூட்டை உப்பின் விலை ஏறும். தொழில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் மூன்று மாதச் சரக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

அயோடின் உப்பால் காக்கப்படுவது நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள். சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட இதை எண்ணிச் செய்தால் பாரம் தெரியாது. வணிகப் பெருமக்கள் இந்த வாரமே தங்கள் கடையிலும் கிடங்கிலும் உள்ள ஒவ்வொரு உப்பு மூட்டையின் அச்சையும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.